கணிப்பொறியைத் துயிலெழுப்புதல்

கணிப்பொறியைத் தொடாத மாணவர் இன்று நம் பல்கலைக்கழகத்தில் இலர். ஆயினும், விசையை அழுத்தியவுடன் அஃது எவ்வாறு விழிக்கின்றது என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. ஒரு கணிப்பொறியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுதற்குரிய பென்டிரைவை ஆக்குவது எப்படி என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன். செய்முறையை மட்டும் கற்றவர் ஒரு தடை நேர்ந்தால் நின்றுவிடுவர். காரணத்தையும் அறிந்தவர் தடையைக் கடந்து செல்வர். ஆதலின் காரணத்தை முதற்கண் கூறிப் பின்னர்ச் செய்முறைக்கு வருவேன்.

மின்சாரம் நின்றவுடன் கணிப்பொறியின் நினைவகம் வெறுமையாகிவிடும். அடுத்த முறை விசையை அழுத்தும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. வட்டில் இயங்குதளம் இருக்கிறது. ஆனால் வட்டைப் படிப்பதற்கே ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் வட்டிலேயே இருந்தால் அதை யார் படிப்பது? திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதையாக இது முடியும் அன்றோ?

இச்சிக்கல் கணிப்பொறி தோன்றிய நாள்முதல் உள்ளது. நம் மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆர். நரசிம்மன் அவர்கள் முன்னின்று உழைக்க, டிஃப்ராக் என்னும் கணிப்பொறி உருவாகி 1960ஆம் ஆண்டில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு அப்பெயரைச் சூட்டினார். அதன் நினைவகம் 2,048 சொற்களே கொண்டது. துளையிட்ட தாள்நாடாவின் வாயிலாக அதற்கு நிரலை ஊட்டினர். அக்காலத்துப் பொறிகள் பலவற்றில், நாடாவைப் படிக்கச் சொல்லும் முதற்கட்டளைகளை மனிதரே விசைகளைத் தட்டிப் புகுத்த வேண்டியிருந்தது. இன்று அவ்வேலையைத் தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சிறு சில்லு செய்கிறது. அதனுள் இருக்கும் நிரல் மின்சாரம் நின்றாலும் அழியாது. பழைய பொறிகளில் அதனைப் பயாஸ் என்பர், புதியவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. என்பர்.

ஓர் உவமை கூறுவேன். தீக்குச்சியைக் கொண்டு அகல் விளக்கை ஏற்றுகிறோம். அகலைக் கொண்டு குத்துவிளக்கின் ஐந்து முகங்களையும் ஏற்றுகிறோம். சில்லில் உள்ள நிரல் தீக்குச்சி. அது தேடிக் கண்டுபிடிக்கும் சிறிய ஏற்றி நிரல் அகல். அந்த ஏற்றி நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கும் இயங்குதளமே குத்துவிளக்கு. நாம் ஆக்கப் போகும் பென்டிரைவில் இருக்கவேண்டியது அகலும் குத்துவிளக்கும் ஆகும். அகல் இருக்கும் இடம் சரியாக அமைந்தால்தான் தீக்குச்சி அதனைத் தொடும்.

அந்த இடம் யாது? பயாஸ், சேமிப்பகத்தின் முதற்கூறாகிய 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அவற்றுள் 446 பைட்டு ஏற்றி நிரலுக்கு. 64 பைட்டு பகுப்பு அட்டவணைக்கு. எஞ்சிய 2 பைட்டு, இது துவக்கத்திற்குரியது என்று காட்டும் முத்திரைக்கு. முத்திரை இல்லையேல் பயாஸ் அடுத்த கருவியை நாடிச் சென்றுவிடும். யூ.ஈ.எஃப்.ஐ. இன்னும் சற்றுக் கற்றறிந்தது. அது ஃபேட் முறையில் அமைந்த பகுதியைப் படிக்கவல்லது. அப்பகுதியில் ஈ.எஃப்.ஐ. என்னும் உறை, அதனுள் பூட் என்னும் உறை, அதனுள் பூட்எக்ஸ்64 என்னும் கோப்பு இருக்கின்றதா என்று பார்க்கும். இருந்தால் அதனை இயக்கும்.

இதனால் ஓர் ஐயம் நீங்குகிறது. இணையத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கிப் பென்டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, "பொறி ஏன் எழவில்லை?" என்று கேட்கும் நண்பர் பலர். ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழு வட்டின் அச்சு. அதனை ஒரு கோப்பாக வைத்தால், கட்டிய மூட்டையை அவிழ்க்காமல் வாயிலில் வைத்தது போலாகும். மூட்டைக்குள் அகல் இருக்கிறது. தீக்குச்சிக்கு அது தென்படாது. மூட்டையை அவிழ்த்து உரிய இடங்களில் உரியவற்றை வைக்கவேண்டும். அதற்கென்றே ரூஃபஸ், எட்சர் முதலிய கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன.

இக்கல்வி இன்று ஏன் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் தனியாளர்க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரையென வரம்பிட்டனர். விண்டோஸ் 11 இயங்குவதற்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். நல்ல நிலையில் உள்ள பொறிகள் எத்தனையோ இதனால் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்கப்படுபவை செல்வர் வீட்டுப் பொறிகள் அல்ல. ஒருவர் பயன்படுத்தியபின் மற்றொருவர் வாங்கிய பொறிகளே.

சென்ற மழைக்காலத்தில் நான் கண்ட ஒன்றைச் சான்றாகக் கூறுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மன்றத்தார் சிலர் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு நண்பர் வீட்டில் கூடி, பழைய கணிப்பொறிகளைச் சீர்செய்து கொடுப்பதுண்டு. தாராவித் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி தன் மடிக்கணினியோடு வந்தாள். ஆறாம் தலைமுறைச் செயலி, 4 ஜி.பி. நினைவகம். ஒரு கடைக்காரர், "இதை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கு" என்று கூறியிருந்தார். அவள் அன்னையார் இட்லி செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். எந்தக் கடை எவ்வளவு தரவேண்டும் என்னும் மூன்றாண்டுக் கணக்கும் அப்பொறியில்தான் இருந்தது, வேறெங்கும் படியில்லை.

"அண்ணா, புதிதாகப் போட்டால் அம்மாவின் கணக்குப் போய்விடுமா?" என்று கேட்டாள்.

"பார்த்துச் செய்தால் போகாதம்மா. முதலில் கணக்கை வெளியே எடுத்துக்கொள்வோம், பிறகுதான் மற்றது" என்றேன்.

அவ்வாறே செய்தோம். லினக்ஸ் பென்டிரைவுகள் பலவற்றில் ஒரு சிறப்பு உண்டு. பொறியில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயங்குதளத்தை முழுமையாக எழுப்பிப் பார்க்கலாம். அங்ஙனம் எழுப்பி, உள்வட்டில் இருந்த கணக்கையும் படங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்தோம். படியெடுத்தவை திறக்கின்றனவா என்று அவளையே திறந்து பார்க்கச் சொன்னோம். திருப்தி என்று அவள் சொன்ன பிறகே எக்ஸ்.எஃப்.சி.ஈ. முகப்புடைய லினக்ஸ் ஒன்றை நிறுவினோம். கணக்குக் கோப்பு லிப்ரே ஆபீஸில் திறந்தது. தமிழ்99 விசைப்பலகையும் அமைந்தது. எடைக்குப் போகவிருந்த பொறி இன்று இட்லிக் கணக்கு எழுதுகிறது. அவள் பாடமும் அதில்தான் நடக்கிறது.

இனிச் செய்முறையைக் காண்போம்.

முதலாவது, படியெடுத்தல். நிறுவப்படும் பொறியில் உள்ளனவற்றை வேறிடத்தில் வையுங்கள். பென்டிரைவில் உள்ளவையும் முற்றும் அழியுமாதலின் அவற்றையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் பொறியில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளாமல் துவக்க அமைப்பில் கை வைக்கலாகாது.

இரண்டாவது, கோப்பை இறக்குதல். ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கவேண்டும். பொறியின் செயலி 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் அறியவேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் பொறிகளுக்கென நிறுவு வட்டு அளிக்கவில்லை.

மூன்றாவது, சரிபார்த்தல். இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர். நம் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய பாடநூல் வாங்குவோர் அட்டையைப் பார்த்து மட்டுமா காசு கொடுக்கின்றனர்? இடையில் ஏடு கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தன்றோ வாங்குகின்றனர்! ஐ.எஸ்.ஓ. கோப்பைப் புரட்டிப் பார்க்கும் வழியே எஸ்.ஹெச்.ஏ.256 என்னும் கணக்கு. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 64 குறிகளைத் தரும். கோப்பில் ஒரு பிட் மாறினும் விடை முழுதும் மாறிவிடும். ஆக்கியோர் வெளியிட்ட விடையும் நமக்குக் கிடைத்த விடையும் ஒத்திருத்தல் வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்தினுள் புகுந்த திருடர், கள்ளக் கதவு வைத்த ஐ.எஸ்.ஓ. கோப்பிற்கு இணைப்பை மாற்றிவிட்டனர். அத்தகைய தளத்தில் காணும் விடையையே நம்பினால் பயனில்லை. ஆதலால் ஆக்கியோர் இடும் மின்னொப்பத்தையும் சரிபார்த்தல் நலம்.

நான்காவது, எழுதுதல். 8 ஜி.பி. பென்டிரைவ் பெரும்பாலும் போதும். எழுதும் கருவியில் எந்த வட்டைத் தேர்ந்திருக்கிறோம் என்பதை இருமுறை பாருங்கள். லினக்ஸில் உள்ள டிடி என்னும் கட்டளை எச்சரிக்கை தராது. உள்வட்டின் பெயரைக் கொடுத்தால் உள்வட்டையே அழித்துவிடும். புதியவர்க்கு எட்சர் நன்று. எழுதியதைத் திரும்பப் படித்தும் பார்க்கும். விண்டோஸ் வட்டில் ஒரு தொல்லை உண்டு. ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.யை எட்டும் ஒரே கோப்பு அடங்காது. விண்டோஸின் நிறுவு கோப்போ அவ்வளவையும் மிஞ்சுவதுண்டு. ரூஃபஸ் அதனை என்.டி.எஃப்.எஸ். பகுதியில் வைத்து, அப்பகுதியைப் படிக்கத் துணைசெய்யும் சிறு நிரலை வேறொரு சிறு பகுதியில் வைத்துவிடும். எழுதி முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்காமல், முறைப்படி விடுவித்து எடுக்கவேண்டும்.

ஐந்தாவது, எழுப்புதல். பென்டிரைவைச் செருகி, விசையை அழுத்தியவுடன் துவக்கப் பட்டியலை அழைக்கவேண்டும். டெல், லெனோவா பொறிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி. பொறிகளில் எஃப்9. ஒப்பமில்லாத ஏற்றியைச் செக்யூர் பூட் என்னும் காவல் தடுக்கும். பெரிய லினக்ஸ் வெளியீடுகள் பல உரிய ஒப்பத்தோடு வருவதால், அவற்றிற்காக அக்காவலை நீக்க வேண்டுவதில்லை. எழுந்தபின் ஒலி, வைஃபை, தொடுபலகை ஆகியவை இயங்குகின்றனவா என்று நேரடி முறையில் சோதித்து, அதன் பின்னரே நிறுவுங்கள்.

இயங்குதளம் வெளிநாட்டார் தருவது மட்டுமே என்று எண்ணவேண்டா. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தும் வகையில் அஃது அமைந்துள்ளது. அதனையும் மேற்கூறிய முறையிலேயே பென்டிரைவில் எழுதலாம்.

நண்பர்களே! இக்கலை கடினமானதன்று, ஒரு பிற்பகலில் கைவரும். சயானிலும் செம்பூரிலும் தாராவியிலும் உங்கள் அண்டை வீடுகளில், "இது பழையது" என்று மூலையில் வைக்கப்பட்ட பொறிகள் இருக்கும். அவற்றுள் ஒன்றையேனும் எழுப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது, எழுப்பும் முறையையும் அவ்வீட்டுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். பொறியைச் சீர்செய்தால் ஒருவர்க்கு ஒருமுறை உதவியவர் ஆவோம்; அறிவைக் கொடுத்தால் அவர் பலர்க்கு உதவுவர். ஓர் அகல் மற்றோர் அகலை ஏற்றுவதால் தன் ஒளியை இழப்பதில்லை.