சர்ச்சிலில் கரடிக்குக் கேமரா பிடிப்பது

பனிக்கரடியைப் படமெடுக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றி. நான் திருப்பிக் கேட்பது, எந்த வாரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்கள் என்று.

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கிறது சர்ச்சில். சாலை கிடையாது. வின்னிபெக்கிலிருந்து விமானம், இல்லையென்றால் இரண்டு நாள் ரயில். கோடையில் விரிகுடாவின் பனி மொத்தமும் உருகிவிடுவதால் கரடிகள் கரையேறி, மாதக்கணக்கில் ஏறக்குறையப் பட்டினி கிடக்கும். சீல் வேட்டைக்குக் கடல் உறைய வேண்டும். சர்ச்சில் ஆற்றின் நன்னீர் கலக்கும் இந்தப் பக்கம் சீக்கிரம் உறையும் என்பதால் இங்கே வந்து கூடுகின்றன.

அக்டோபர் நடுவில் போனால் பழுப்புத் தரையும், கடற்பாசிக் குவியலில் புரண்டு தூங்கும் கரடியும் கிடைக்கும். நவம்பர் நடுவுக்குத் தள்ளினால் வெள்ளைப் பின்னணி உண்டு. ஆனால் குளிர் இறுகிக் கடல் உறைந்துவிட்டால் கரடிகள் கிளம்பிப் போயிருக்கும். நான் நவம்பர் முதல் வாரம் என்றுதான் சொல்வேன். தரை பாதி வெளுத்திருக்கும்; பொழுதுபோகாத ஆண் கரடிகள் எழுந்து நின்று மல்லுக்கட்டும். சூரியன் உச்சிக்கு ஏறாததால் வெயில் அடிக்கிற நாளில் பகல் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம்தான்.

டன்ட்ரா பக்கி என்ற ராட்சதச் சக்கர வண்டியில் கூட்டிப்போவார்கள். உள்ளே ஹீட்டர் ஓடும். ஜன்னலை இறக்கி லென்ஸை நீட்டினால், வெளியேறும் சூடான காற்றில் காட்சி நெளியும். ஒரு படமும் கூர்மையாக வராது. பாவம், பலரும் லென்ஸைத் திட்டுவார்கள். பின்புறத் திறந்த மேடைக்குப் போய்விடுங்கள். யாராவது நடந்தாலே வண்டி ஆடும் என்பதால், கரடி அருகில் வந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்பதென்று முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

அந்த மேடையின் தரை கம்பி வலை. கரடி கீழே வந்து நம் பூட்ஸை மோப்பம் பிடிக்கும். ஈரக் கறுப்பு மூக்கு, அதைச் சுற்றி உறைந்த மூச்சின் வெண்துகள், சக்கரத்தின்மேல் ஊன்றிய பாதத்தில் விரல்களுக்கிடையே அடர்ந்த முடி. அந்த நேரத்தில் பெரிய லென்ஸால் பிரயோஜனமில்லை. கழுத்தில் தொங்கும் இன்னொரு கேமராவில் 24-70 தயாராக இருக்கட்டும்.

வெண்பனியைக் கேமராவின் மீட்டர் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை +1லிருந்து +1.7 வரை ஏற்றி, ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பனியின் பக்கத்தில் கரடியின் நிறம் பாலேட்டு மஞ்சள். அதை வெளுப்பாக்கினால் பொம்மைக்கரடிதான்.

குளிரில் பேட்டரி சட்டென்று படுத்துவிடும். உபரியைச் சட்டையின் உள்பையில் வைத்தால் தாங்கும். அறைக்குத் திரும்புமுன் மெமரி கார்டை உருவிவிட்டு, கேமராவைக் காற்றுப்புகாத பையில் மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். இல்லையென்றால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும்.

கரடி தூங்கும்போது மற்றவர்கள் காபி குடிக்கப் போவார்கள். நான் அப்போதுதான் வில்லோப் புதர்களைத் துழாவுவேன். வெள்ளைக்கு மாறிய டார்மிகன் பறவையைக் கறுப்புக் கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஆர்க்டிக் நரிக்கு ஷட்டர் 1/2000க்குக் குறையக் கூடாது; ஓரிடத்தில் நிற்காது அது.

கிட்டே போகும் ஆசைக்கு ஓர் அளவு வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2025 முதல் கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். படக்காரர்கள் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. பரந்த பனியில் புள்ளியாக நடக்கும் கரடியும் படம்தான். முகத்தை மட்டும் நிரப்பிய படங்களை எந்த மிருகக்காட்சிசாலையிலும் எடுக்கலாமே.

கடைசியாக, படக்குறிப்பு. 2017இல் சாமர்செட் தீவில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய கரடி ஒன்றின் வீடியோ உலகம் சுற்றியது. அதன் நிலைக்குப் பருவநிலை மாற்றமே காரணம் என்று அழுத்திச் சொன்னதில் எல்லை மீறிவிட்டோம் என்று நேஷனல் ஜியாகிரஃபிக் மறு ஆண்டு ஒப்புக்கொண்டது. மேற்கு ஹட்சன் விரிகுடாவின் கரடிகள் 2016இல் 842 என்றும் 2021இல் 618 என்றும் மதிப்பிடப்பட்டன, சரிவு உண்மை. ஆனால் ஒரு கரடி மெலிந்ததற்கு வயதோ நோயோ காயமோகூடக் காரணமாகலாம். அதனால் இடம், தேதி, எத்தனை மீட்டர் தூரம், அன்று கடல் உறைந்திருந்ததா என்பதோடு என் குறிப்பை நிறுத்திக்கொள்கிறேன். ‘பசியோடு’ என்று எழுதக் கை பரபரக்கும், எழுதுவதில்லை.