கலவையில் எத்தனை குடம் தண்ணி?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா, கடன் வசூல் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம். ஒரு அக்கா மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். குழுக் கடனோடு நகையை அடகு வைத்த பணத்தையும் போட்டு வீடு கட்டிக்கொண்டிருப்பவர். ஜன்னலுக்கு மேலே போட்ட சன்ஷேடு, முட்டைப் பிரித்த அன்றே ஒடிந்து விழுந்துவிட்டதாம். கொஞ்ச நேரம் முன்னால்தான் பேரப்பிள்ளை அதுக்குக் கீழே மணலில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"மேஸ்திரிய கேட்டா சிமெண்ட் சரியில்லங்கிறாரு. கடைக்காரர கேட்டா கலவை சரியில்லங்கிறாரு. நான் யார்கிட்ட போய் கேக்கறது மேடம்?" என்றார்.

கூட்டம் முடிந்ததும் எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். கம்பி போட்டுத்தான் இருந்தார்கள், குறைவாகவும் இல்லை. ஆனால் கம்பி முழுவதும் கான்கிரீட்டின் அடியில் கிடந்தது. சன்ஷேடு என்பது நாம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. ஒரு பக்கம்தான் சுவரில் பிடிப்பு, மறுபக்கம் அந்தரம். அதனால் இழுவை முழுவதும் மேல்பக்கத்தில் விழும். கம்பியும் மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். கட்டும்போது சரியாகத்தான் கட்டியிருப்பார்கள். கான்கிரீட் கொட்டுகிற அவசரத்தில் யாரோ அதன்மேல் ஏறி நின்றிருப்பார்கள், கம்பி கீழே அமுங்கியிருக்கும். அப்புறம் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அங்கே நின்ற இன்னொரு உறுப்பினர் கேட்டார்: "இதையெல்லாம் பாக்க கவர்மெண்ட்ல ஆளு கிடையாதா?"

சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-இல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கிராமத்துக்கும் சேர்த்துத்தான். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் தாங்களே சான்றளித்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கையில் இருக்கிறதையும் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "தாங்களே சான்றளித்து" என்பதைக் கவனியுங்கள். வீடு விதிப்படிதான் கட்டப்படுகிறது என்று உறுதி சொல்வது நீங்கள். சிறிய வீடுகளுக்குக் கட்டி முடித்தபின் வாங்கவேண்டிய பணி முடிப்புச் சான்றிதழும் தேவையில்லை. ஆக, கடைக்காலிலிருந்து மொட்டைமாடி வரை அரசாங்கத்தின் கண் படாமலேயே ஒரு வீடு எழும்பிவிடும்.

பெரிய கட்டடங்களில் மட்டும் எல்லாம் ஒழுங்கா? சென்னை போரூர் பக்கத்தில் மவுலிவாக்கம் என்ற ஊரில் 2014 ஜூன் 28, சனிக்கிழமை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்கப் போன தொழிலாளர்கள். பெண்களும் அதில் உண்டு. அது அனுமதி வாங்கிய கட்டடம்தான். அனுமதி என்பது வரைபடத்துக்கு. ஒவ்வொரு மாடி ஏறும்போதும் யாராவது வந்து தூணைத் தட்டிப் பார்த்து "ம், அடுத்தது போடு" என்று சொல்கிற ஏற்பாடு இல்லை. மண் எவ்வளவு பாரம் தாங்கும், தூண் எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் விழுந்த பிறகு ஆராய்ந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை ஆணையமும் போட்டார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு 11 மாடியை 2016 நவம்பர் 2-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

நம் குழுக்களில் எத்தனை பேர் சித்தாள் வேலைக்குப் போகிறீர்கள்? நான் போகிற கூட்டங்களில் கை தூக்கச் சொன்னால் பாதிக்குமேல் கை உயரும். ஒரு கட்டடத்தில் என்ன போட்டார்கள் என்பது இன்ஜினீயரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எத்தனை சட்டி ஜல்லி, எத்தனை சட்டி மணல், எத்தனை குடம் தண்ணீர் என்று தலையில் சுமந்து கொட்டுகிறது நீங்கள். உங்களிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கும் அப்படித்தான். சன்ஷேடு விழுந்த வீட்டில் வேலை பார்த்த சித்தாள் அதே குழு உறுப்பினர். "தண்ணி ஜாஸ்தியா ஊத்தச் சொன்னாரு, எனக்கே மனசு கேக்கல. ஆனா நான் சொன்னா அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்களேக்கா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. அன்றாடக் கூலியை நம்பி அடுப்பு எரிகிறவர் அவர். கேட்கவேண்டியவர் வீட்டுக்காரம்மா. என்ன கேட்பது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

முதலில் தண்ணீர். தூண், பீம், ரூஃப் கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு, அதாவது 50 கிலோவுக்கு, 30 லிட்டருக்குமேல் தண்ணீர் கூடாது. கணக்கு ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று: ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல் அல்லது எம்சாண்ட், மூன்று பங்கு ஜல்லி. உங்கள் வீட்டுக் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் குடம் என்றால் இரண்டே குடம். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். தோசை மாவு பதத்தில் ஓடுகிற கலவை கொட்டுவதற்குச் சுலபம், அதனால்தான் கூட ஊற்றச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் வற்றியதும் அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாக நின்றுவிடும். பத்து வருஷத்தில் கம்பி துருப்பிடித்து ரூஃப் பெயர்ந்து விழுவதும் அதனால்தான்.

கம்பி பலகையில் ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. அடியில் கவர் பிளாக் வைக்க வேண்டும். ரூஃபுக்கு முக்கால் அங்குலம், தூணுக்கு ஒன்றரை அங்குலம், கடைக்காலுக்கு இரண்டு அங்குலம். ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு "அதெல்லாம் போதும்மா" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கான்கிரீட் போடுகிற அன்று சன்ஷேடு கம்பிமேல் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்துங்கள். நீங்களே நில்லுங்கள், சமையலை அன்றைக்கு வேறு யாராவது பார்க்கட்டும்.

தண்ணீர் கட்டுவது பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, அது எப்படியும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. ஆனால் மூன்று நாளில் நிறுத்திவிடாதீர்கள். கலவைக்குள் தண்ணீர் கூடக்கூடக் கெடுதல், இறுகியபின் மேலே நிற்கும் தண்ணீரால்தான் பலம். நம் ஊர் வெயிலுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது, பதினாலு நாள் என்றால் இன்னும் நல்லது. தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனைத்து வையுங்கள்.

முட்டைப் பிரிக்கிற விஷயத்தில்தான் மேஸ்திரியோடு சண்டை வரும். சென்ட்ரிங் வாடகை ஓடுகிறதே என்று அவருக்கு அவசரம். 15 அடிக்குள் அகலமான அறையின் ரூஃபுக்கு ஏழு நாள், அதுக்குமேல் என்றால் பதினாலு நாள். பீமுக்குப் பதினாலு, 20 அடிக்குமேல் நீளமானால் 21 நாள். கான்கிரீட் போட்ட தேதியைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். ஒரு ஊரில் இப்படி எழுதி வைத்ததைப் பார்த்த மேஸ்திரி, "என்னம்மா, எனக்கே கேஸ் எழுதுறீங்களா" என்று சிரித்தாராம். ஆனால் நாள் கணக்கு தவறவில்லை.

பிரதமர் வீடு, கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்ட வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது. பணம் தவணை தவணையாக வருவதால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் அளவெடுக்க வருவார். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரை நிறுத்தி, "சார், இந்தக் கம்பிய கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள்.

நம் வீடு மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதற்கு மேட்டுப்பாளையம் நடூர் இருக்கிறது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் நனைந்த உயரமான மதில் சுவர் ஒன்று பக்கத்து வீடுகள்மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த பெண்கள், குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்து என்று குடியிருந்தவர்கள் முன்பே சொல்லிவந்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. உங்கள் ஊரில் பள்ளிக்கூடமோ, தண்ணீர்த் தொட்டியோ, யாருடைய மதிலோ விரிசல் விட்டோ சாய்ந்தோ நின்றால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். குழுவின் பெயரில் மனு எழுதி, கிராம சபையிலும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து, ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

வருகிற மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் குழுவில் இப்போது வீடு கட்டுகிறவர்கள் யார், ரூஃப் போடும் தேதி என்ன என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அந்த நாளில் அவரோடு கூட நிற்க இரண்டு உறுப்பினர்கள் பெயரையும் எழுதுங்கள். அதில் ஒருவர் சித்தாள் வேலை தெரிந்தவராக இருக்கட்டும், ஆனால் அந்த மேஸ்திரியிடம் வேலை பார்க்கிறவராக இருக்கவேண்டாம். சன்ஷேடு விழுந்த அந்த அக்கா வீட்டில் 18-ஆம் தேதி ரூஃப் போடுகிறார்கள். நானும் போகிறேன்.