வலி மாத்திரை பழகிவிடுமா?



நம் சபையில் வரும் ஜெப விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் சரீர வலியைப் பற்றியவைதான். பீடித்தட்டை மடியில் வைத்து நாள் முழுக்கக் குனிந்திருக்கும் தாய்மாருக்குக் கழுத்தும் இடுப்பும். வயலில் நின்றவர்களுக்கு முழங்கால். சர்க்கரை வியாதிக்காரருக்கு உள்ளங்கால் எரிச்சல். புற்றுநோய் வந்தவர்களுக்கோ ராத்தூக்கம் கிடையாது.

இவர்களில் இரண்டு வகையினரைப் பார்க்கிறோம். "மாத்திரை போட்டா பழகிரும்லா? வேண்டாம்யா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் ஒரு வகை. சீட்டு இல்லாமலே மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கி விழுங்குகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறார்கள். இரண்டாம் வகையினர் பயப்பட வேண்டியதற்குப் பயப்படவில்லை. பயத்தை எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்பதே இந்தப் பாடம்.

1. அபின் வகை மருந்து எது?

நம் அடுக்களையில் இருக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து எடுக்கப்படுவது மார்பின். கோடீன், டிரமடால், பென்டனில் முதலியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. பாராசிட்டமாலும் டைக்ளோபெனாக்கும் இந்த வகை அல்ல. அவை போதை தராது. ஆனாலும் டைக்ளோபெனாக்கை மாதக்கணக்கில் தானாகப் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். "போதை இல்லை" என்பதால் "ஆபத்து இல்லை" என்று எண்ணிவிடாதீர்கள்.

2. நம் தேசத்தில் பயம் செய்த வேலை

1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றத்துக்குக் குறைந்தது பத்து வருஷம் கடுங்காவல். மார்பின் வைத்திருக்க ஆஸ்பத்திரிகள் பல இலாகாக்களில் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கிடைக்கும்போது இன்னொன்று காலாவதியாகிவிடும். டாக்டர்கள் பயந்தார்கள், மருந்துக்கடைகள் பயந்தன. வருஷத்துக்குப் பல நூறு கிலோ மார்பின் பயன்படுத்திய தேசம், 1997-ல் 18 கிலோதான் பயன்படுத்தியது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உலகத்து நோயாளிகளுக்கு அபின் அனுப்பிய தேசத்தில், நம் வீட்டுப் புற்றுநோயாளி அலறிக்கொண்டே மரித்தார்.

பக்கத்துக் கேரளாவில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் உடன் ஊழியர்களும் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் வலிக்கென்று ஒரு கிளினிக் தொடங்கினார்கள். மார்பினை வாய்வழியாக, கணக்கோடு, கண்காணிப்போடு கொடுத்தார்கள். நோயாளிகளின் வலி அடங்கியது. இவர்களும் இவர்களைப் போன்ற பலரும் வருஷக்கணக்காய்ப் போராடியதால் 2014-ல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. இப்போது அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும்.

3. அமெரிக்காவில் துணிச்சல் செய்த வேலை

அங்கே நடந்தது இதற்கு நேர் எதிர். 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை மாத்திரை விற்பனைக்கு வந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று கம்பெனி விளம்பரம் செய்தது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். தவறாகச் சொல்லி விற்றோம் என்று அந்தக் கம்பெனி 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் லட்சக்கணக்கானோர் அடிமைகளாகிவிட்டார்கள். பின்பு அவர்களில் பலர் ஹெராயினுக்கும், கள்ளத்தனமாய்த் தயாரித்த பென்டனிலுக்கும் போனார்கள். 2021-ல் மட்டும் அபின் வகைப் பொருட்கள் அளவுமீறியதால் அங்கே 80,000 பேருக்கு மேல் மரித்தார்கள்.

ஆகவே அங்கிருக்கும் பிள்ளைகள் போன் பண்ணி, "அம்மா, அந்த மாத்திரை வேண்டாம்" என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. நம் தேசத்திலும் டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். ஆனால் புற்றுநோய்ப் படுக்கையில் இருக்கும் தாயின் வலி வேறு, பல வருஷத்து இடுப்பு வலி வேறு. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லக்கூடாது.

4. பழகுவது வேறு, அடிமையாவது வேறு

மார்பினை நாள்பட எடுத்தால் சரீரம் அதற்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வரும். அதனால் டாக்டர் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். இது அடிமைத்தனம் அல்ல. கேடு வருகிறது என்று தெரிந்தும் விடமுடியாமல், வலிக்காக அல்ல, மருந்துக்காகவே மருந்தைத் தேடுவதுதான் அடிமைத்தனம். கடும் புற்றுநோய் வலிக்கு டாக்டர் பார்வையில் அளவாய் மார்பின் எடுப்பவர் அப்படி ஆவது அரிது. அவர் எழுந்து உட்காருவார், சாப்பிடுவார், பேரப்பிள்ளையோடு பேசுவார்.

இடுப்பு, மூட்டு வலிக்கு இந்த வகை மருந்து முதல் வழி அல்ல. உடற்பயிற்சி, பிசியோதெரபி, உட்காரும் முறையை மாற்றுவது, எடையைக் குறைப்பது இவை முதலில். சர்க்கரை வியாதியின் நரம்பு எரிச்சலுக்கு வேறு மருந்துகள் உண்டு.

5. வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

- எழுதிக்கொடுத்தவருக்கு மட்டுமே அந்த மாத்திரை. பக்கத்து வீட்டு அக்காளுக்குக் கொடுக்கக்கூடாது.
- மதுவோடும், டாக்டருக்குத் தெரியாமல் தூக்க மாத்திரையோடும் சேரவே கூடாது, மூச்சு அடங்கிவிடும்.
- மார்பினால் மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.
- பூட்டி வையுங்கள். எண்ணி வையுங்கள். வலி மாத்திரையைப் போதைக்குத் தேடும் வாலிபர் நம் ஊர்களிலும் உண்டு. மீந்ததை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள்.
- படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

6. ஜெபிக்கிறவர் மருந்து எடுக்கலாமா?

எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தான், கர்த்தர் கேட்டார். அதே அதிகாரத்தில்தான் ஏசாயா அத்திப்பழத்து அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). ஜெபமும் மருந்தும் அங்கே சண்டை போடவில்லை. வலியில் கிடக்கிறவரிடம் போய், "விசுவாசம் குறைவு, அதான் மாத்திரை" என்று சொல்லாதிருங்கள். அடிமைத்தனத்தில் சிக்கினவரையும் சபையில் வைத்துப் பேசாமல், கைப்பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவும் ஒரு வியாதியே, அதற்கும் சிகிச்சை உண்டு.

வீட்டு ஜெபக்குழுவில் பேச:
1. நம் வீட்டு மாத்திரைப் பெட்டியில் சீட்டு இல்லாமல் வாங்கியவை எவை?
2. வலியைச் சொல்லாமல் மறைக்கும் முதியவர் நம் தெருவில் யார்? இந்த வாரம் அவரைப் போய்ப் பார்ப்பது யார்?