வலி தெரியாத பாதம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவரைப் பணி நிமித்தம் அங்குச் சென்றிருந்தபோது சந்தித்தேன். நீரிழிவு நோய் அவருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலக்காலில் பெரிய கட்டு. "என்னம்மா ஆயிற்று?" என்று வினவினேன். முந்திய மாதம் குளிர் பொறுக்காமல், புட்டியில் சுடுநீர் நிரப்பித் துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்கினாராம். இரவில் துணி விலகியிருக்கிறது, குதிகால் வெந்து போயிருக்கிறது, அவர் விழிக்கவில்லை. காலையில் போர்வை நனைந்திருப்பதைக் கண்ட பேத்திதான் கொப்புளம் உடைந்திருப்பதைப் பார்த்தாள். பின்னரும் பத்து நாள் வீட்டிலேயே மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். "வலியே இல்லை தம்பி, வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்" என்றார் அந்த அம்மையார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. அந்த "வலியே இல்லை" என்பதுதான் இம்மாதப் பாடம்.

ரப்பர்த் தோட்டத்தில் வாழும் நமக்குக் குளிர்மலைத் தேயிலைத் தோட்டத்துச் செய்தி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நோய் ஒன்றே என்பது முதற்காரணம். 2018ஆம் ஆண்டு நம் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேருக்கு நீரிழிவு இருந்தது. மறு ஆண்டு ஆய்வில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் 31 விழுக்காட்டினருக்கு இந்நோய் காணப்பட்டது. வேறெந்த இனத்தாரிடமும் அவ்வளவு இல்லை. மற்றொரு காரணம் ரப்பரைப் பற்றியது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

குருதியில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருக்குமாயின் அது நரம்புகளையும், அவற்றுக்கு உணவூட்டும் மெல்லிய குருதிக் குழாய்களையும் கெடுக்கும். உடலில் மிக நீண்ட நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நுனி வரை செல்பவை. நீளம் மிகுந்தவை முதலில் கெடுகின்றன. ஆதலின் உணர்ச்சிக் குறைவு விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மேலேறும். சிலருக்கு எறும்பு ஊர்வது போலவும், இரவில் எரிவது போலவும் தோன்றும். சிலருக்குப் பஞ்சின்மேல் நடப்பது போலிருக்கும். வேறு சிலருக்கோ ஒன்றுமே தெரியாமல் உணர்ச்சி போய்விடும். வியர்வை சுரப்பதும் குன்றுவதால் தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். கேமரன் மலையில் இரவு வெப்பம் 15, 16 பாகைக்கு இறங்குவதுண்டு. அங்குள்ள முதியோர், "குளிரில் கால் மரத்துவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். நம் தோட்டங்களில் அதையே "வயதாகிவிட்டது, பனியில் நின்ற கால்" என்கிறோம்.

உணர்ச்சியற்ற பாதம் ஏன் புண்ணாகிறது என்பதைத் தெளிவாக்கியவர் ஒரு மருத்துவர். நீரிழிவுக்கென்று அவர் அவ்வாராய்ச்சியைத் தொடங்கவில்லை என்பது வியப்பான செய்தி. பெயர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை டாக்டர் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே கண்ட கைகளும் கால்களும் அவரை வேலூரிலேயே இருத்தின. தொழுநோய் சதையைத் தின்று விரல்களை உதிர்க்கிறது என்பதே அக்காலத்து நம்பிக்கை. பிராண்ட் அதை ஏற்கவில்லை.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் அவர் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். மெலிந்த அப்பையனுக்கு இத்தனை வலிமையா என்று வியந்தவர், தரையில் இரத்தத் துளிகளைக் கண்டார். சாவி, பையனின் விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவன் அதை அறியவில்லை. "போதும், நிறுத்து" என்று நமக்குச் சொல்லும் வலி அவனுக்குச் சொல்லவில்லை. விரல்களை அழித்தது உணராத காயமும், கவனிக்காத புண்ணும் என்று பிராண்ட் படிப்படியாக மெய்ப்பித்தார்.

1966இல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்னும் ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவு நோயாளிகளின் கால்களிலும் அதே புண்கள், அதே இடங்களில் இருப்பதை அங்கே கண்டார். எலிகளின் பாதத்தை மெல்லிய அழுத்தத்தால் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை அழுத்திப் பார்த்தபோது, சில நாட்களில் அவ்விடம் சூடேறி, வீங்கி, புண்ணாயிற்று. மரம் சீவுவோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாம் சீவுவது மெல்லிய சீவல்தான். ஆயினும் ஓய்வின்றி அதே இடத்தில் சீவினால் பட்டை தீர்ந்து கட்டை தெரியும். நல்ல பாதம் உடையவர் நடக்கும்போது, ஓரிடம் நோகத் தொடங்கினால் தம்மையறியாமலே எடையை வேறிடத்துக்கு மாற்றுகிறார். மரத்த பாதம் மாற்றுவதில்லை.

(தொழுநோயோடு ஒப்பிட்டதால் ஒருவரும் அஞ்ச வேண்டா. நீரிழிவு தொற்றாது. தொழுநோயும் இன்று மருந்தால் குணமாகும் நோயே.)

புண்ணுக்கு முதல் மருந்து, அதன்மேல் எடை விழாமல் காப்பதே. இலங்கையில் மில்ராய் பால் என்னும் அறுவை மருத்துவர் 1930களிலேயே இத்தகைய கால்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆற்றினார். பிராண்டும் அம்முறையைக் கையாண்டு அமெரிக்காவில் பரப்பினார். ஆறிய பின் மீண்டும் புண்ணாகாமல் இருக்கத் தக்க காலணி வேண்டுமல்லவா? வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் பல பொருள்களைச் சோதித்து, கண்ணுக்குப் புலப்படாத சிறு காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரைத் தேர்ந்தெடுத்தனர். மேலே அந்த மெல்லிய ரப்பர். அடியில் முள்ளும் ஆணியும் துளைக்காத கடின ரப்பர். இணைப்பதற்கு ஆணி கூடாது, பசையும் தையலும்தான். இவ்வகைச் செருப்பு பின்னர் நீரிழிவுக் கால்களுக்கும் பயன்பட்டது. முன்னே சொன்ன மற்றொரு காரணம் இதுவே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முதுமையில் கண் மங்கும், இடுப்பு வளையாது. தம் உள்ளங்காலைத் தாமே பார்ப்பது பலருக்கும் இயலாத செயல். ஆகையால் "கவனமாக இருங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு நாம் தொலைக்காட்சி முன் அமர்வது பயன்படாது. பார்க்க வேண்டியவர் மகனோ, மருமகளோ, பேரப்பிள்ளையோதான். இரவு படுக்கும் முன் கைவிளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு யாவும் பார்த்தல் வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால், ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கிறதா என்பது தெரியும். புண் தோன்றும் முன்னரே கிடைக்கும் எச்சரிக்கை அது. கழுவியபின் விரலிடுக்கின் ஈரத்தை ஒற்றி எடுத்து, வறண்ட குதிகாலுக்கு மட்டும் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது.

குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். அதுவும் நோயாளியின் கையாக இல்லாதிருத்தல் நலம். சுடுநீர்ப் புட்டி வேண்டா, கம்பளிக் காலுறை போதும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. விரலிடைப் பட்டையுள்ள சிலிப்பர், கால் மரத்தவருக்கு ஏற்றதன்று. கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துவிடுவார். ரப்பர் பூட்சைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். ஆணியைச் சீவித் தள்ளுவதில் நம்மவர் கைதேர்ந்தவர். மரம் சீவும் கை அல்லவா! அந்தக் கத்தியைப் பாதத்தில் காட்டாதீர்கள். திருவிழாவில் தீமிதிக்கும் பெரியவர்களிடமும் ஒரு சொல்: கால் மரத்தவர் அவ்வாண்டு வேறு வகையில் நேர்த்தி செலுத்தட்டும், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், நாற்றம் இவற்றில் ஒன்று கண்டாலும், வலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிராமல் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அந்த மூதாட்டி பத்து நாள் பொறுத்ததால் ஏழு வாரம் கட்டுப்போட நேர்ந்தது. கால் தப்பியது.

புண் இல்லாவிடினும் நீரிழிவுள்ளோர் ஆண்டுக்கொரு முறை பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே மெல்லிய நைலான் இழையொன்றைப் பாதத்தில் வைத்து அழுத்துவார்கள்; பத்துக் கிராம் அழுத்தத்தில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு, பட்டது தெரிந்தால் "ஆம்" என்று சொல்ல வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, ஊசி அன்று. முதியவரை அழைத்துச் செல்லும்போது மருந்து அட்டையோடு, அவர் நாள்தோறும் அணியும் செருப்பையோ சப்பாத்தையோ கொண்டு செல்லுங்கள், புதியதை அன்று. எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.