தீபாவளிச் சரக்கும் காற்று மாசு விதியும்

திருத்தணியில் மளிகையோடு தீபாவளிப் பட்டாசும் விற்கும் நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. காற்று மாசு வழக்கில் 23-10-2018 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்பையும் தடை செய்தது. 2021-இல் மீண்டும் வலியுறுத்தியது. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம் இவற்றுக்கெல்லாம் பேரியம் நைட்ரேட்தான் நெடுங்கால மூலப்பொருள். எனவே சிவகாசித் தொழிற்சாலைகள், நாக்பூர் ‘நீரி’ நிறுவனம் வகுத்த பசுமைப் பட்டாசுக்கு மாற வேண்டியதாயிற்று. இதில் புகைத்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்பது கணக்கு.

தடை உற்பத்திக்கு மட்டுமல்ல, விற்பனைக்கும்தான். வாடிக்கையாளர் சரவெடி கேட்கத்தான் செய்வார். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வைத்து, அதிகாரிகள் பறிமுதல் செய்தால் போவது நம் கைமுதல். பெட்டியில் பசுமை முத்திரையும் கியூஆர் குறியீடும் பார்த்து, பில்லோடு கொள்முதல் செய்வோம்.