பழைய சாணைப்பட்டை இயந்திரத்தின் வேகத்தைச் சீர்ப்படுத்தல்

கத்தி செய்யும் சிறு பட்டறைகளில் சாணைக்கல்லுக்குப் பதிலாகச் சாணைப்பட்டை இயந்திரமும் பயன்படுகிறது. உராய்வுத் துகள்கள் ஒட்டப்பெற்ற துணிப்பட்டையொன்று உருளைகளின்மீது இடைவிடாது ஓட, அதன்மேல் கத்தியின் அலகை அழுத்தித் தேய்ப்பர். புதிய இயந்திரத்தின் விலை மிகுதியாதலால், வேறு தொழிலில் பயன்பட்ட பழைய இயந்திரத்தை வாங்குவோர் பலர். அது பழுதின்றி ஓடினாலும், அதன் வேகம் கத்தி வேலைக்கு ஏற்றதெனக் கொள்ளலாகாது.

மிகு வேகத்தின் தீங்கு

கார்பன் எஃகினாலான கத்தியைச் செஞ்சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கியபின், ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் உஷ்ணநிலையில் வைத்துப் பதப்படுத்துவது வழக்கம். பின்னர்ச் சாணை பிடிக்கையில் விளிம்பின் உஷ்ணம் இவ்வளவை வெகுவாக மீறினால், எஃகு மென்மையடைந்துவிடும். விளிம்பு மெல்லியது, உஷ்ணத்தை ஏற்றுப் பரப்புவதற்கு அங்கே உலோகம் போதாது. ஆகையால் சில விநாடிகளிலேயே கேடு விளையக்கூடும். வைக்கோல் நிறம் தோன்றின் உஷ்ணநிலை சுமார் 220 டிகிரியையும், நீல நிறம் தோன்றின் சுமார் 300 டிகிரியையும் எட்டியதாக அறியலாம். நிறத்தைத் தேய்த்து அகற்றலாம்; இழந்த கடினத்தை அவ்வாறு மீட்க இயலாது.

வேகத்தைக் கணக்கிடுதல்

பட்டையை இழுக்கும் உருளையின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, வரும் சுற்றளவை நிமிஷச் சுழற்சிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் பட்டையின் வேகம் கிடைக்கும். உதாரணமாக, மோட்டார் நிமிஷத்திற்கு 1,440 முறை சுழல்வதாகக் கொள்வோம். மோட்டாரின் கப்பி 20 செ.மீ., உருளைத் தண்டின் கப்பி 10 செ.மீ. விட்டமாயின், தண்டு 2,880 முறை சுழலும். உருளையின் விட்டம் 15 செ.மீ. எனின், பட்டையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 22.6 மீட்டராகும். கடினமாக்கப்படாத எஃகை முரடாகத் தேய்த்து உருவமைக்க இது தகும்; கடினமாக்கிய விளிம்பை முடிப்பதற்கு மிக அதிகம்.

கப்பிகளை மாற்றுதல்

20, 15, 10 செ.மீ. விட்டமுள்ள மூன்று படிக்கப்பி ஒன்றை மோட்டாரிலும், அதேபோன்ற மற்றொன்றைத் தலைகீழ் வரிசையில் தண்டிலும் பொருத்துவது எளிய முறையாகும். எதிரெதிர்ப் படிகளின் விட்டங்களைக் கூட்டினால் எங்கும் 30 செ.மீ. வருவதால், ஒரே வி-பெல்ட்டை மூன்று படிகளிலும் மாற்றிப் போடலாம். சிறு தளர்வை மோட்டாரை நகர்த்திச் சரிசெய்யலாம். அப்போது பட்டையின் வேகம் விநாடிக்கு 22.6, 11.3, 5.7 மீட்டர் என மூவகையாகும். கடைசி வேகமே இறுதி வேலைக்கு உரியது.

மூன்று கட்ட மோட்டாராயின், அதிர்வெண்ணை மாற்றும் மின்சாதனத்தினால் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் விசிறி போதிய காற்றைத் தராதாகையால், அதன் சூட்டைக் கவனித்தல் வேண்டும். கப்பாசிட்டரால் தொடங்கும் ஒற்றைக் கட்ட மோட்டாருக்கு மின்விசிறி ரெகுலேட்டரை இணைப்பது தவறு, மோட்டார் எரிந்துபோகலாம்.

எச்சரிக்கை

வேகத்தைக் கூட்ட நினைப்போர், உருளையில் விரிசலுண்டா என்பதையும், பட்டைக்கும் உருளைக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்தையும் முதலில் அறிதல் வேண்டும். சுழல்வேகம் இரு மடங்கானால் உருளையைப் பிளக்க முயலும் விசை நான்கு மடங்காகும். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே கப்பியைத் தொடவேண்டும். கப்பிகளுக்கு மூடியும், தொழிலாளியின் கண்களுக்குக் காப்புக் கண்ணாடியும் இன்றியமையாதவை.

வேகத்தைக் குறைத்தாலும், தேய்ந்த பட்டை எஃகை அறுக்காமல் உராய்ந்து சூடேற்றும். ஆதலின் இறுதி வேலைக்குப் புதிய பட்டையையே பயன்படுத்தி, அலகு வெறுங்கையால் பிடிக்க முடியாதவாறு சூடேறுமுன் அதை நீரில் தோய்த்தெடுக்க வேண்டும். தக்க வேகமும் இந்தக் கவனமும் சேர்ந்தால், பழைய இயந்திரத்திலும் கூர் நிலைக்கும் கத்தியைச் செய்யலாம்.