கணினிப் பேரேட்டின் கட்டளைகள்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

வியாபாரத்திற்குச் சரக்கு உடல் என்றால் கணக்கே உயிர். எவரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதை அறியாத முதலாளி நெடுநாள் கல்லாவில் அமர்ந்திருக்க முடியாது. முன்னாளில் சிட்டையும் பேரேடும் கணக்குப்பிள்ளையின் கையில் இருந்தாலும், முதலாளி நினைத்தபோது அவற்றைப் புரட்டிப் பார்ப்பார். இன்று அவை கணினிக்குள் புகுந்துவிட்டன. புரட்டத் தெரியாத ஏடு பெயரளவில்தான் நம்முடையது. ஆகவே அதைத் திறக்கவும் படிக்கவும் காக்கவும் உதவும் சில கட்டளைகளை வணிக அன்பர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

தோற்றம்

1970-ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். விவரங்களையெல்லாம் வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக வைக்கவேண்டும்; அவை கணினியில் எந்த மூலையில் கிடக்கின்றன என்ற கவலை பயன்படுத்துவோருக்கு இருக்கலாகாது என்பது அதன் சாரம். இவ்வகை ஏட்டுக்கு ‘ரிலேஷனல் டேட்டாபேஸ்’ என்று பெயர். 1974-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் அதற்கென ஒரு கட்டளை மொழியை அமைத்தனர். அதுவே இன்று ‘எஸ்.கியூ.எல்.’ எனப்படுகிறது. 1986-இல் அது அமெரிக்காவில் தர நிர்ணயம் பெற்றது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் எனப் பெயர்கள் பலவாயினும் அடிப்படைக் கட்டளைகள் ஏறக்குறைய ஒன்றே.

கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறோம்.

ஏடு திறத்தல்

நம் கடைக்கு இரண்டு அட்டவணைகள் வேண்டும் என்று கொள்வோம். ஒன்று ‘வாடிக்கை’, மற்றொன்று கடனுக்குக் கொடுத்த சரக்கைக் குறிக்கும் ‘பற்று’.

கிரியேட் டேபிள் வாடிக்கை (எண் இன்டிஜர் பிரைமரி கீ, பெயர் வார்கேர்(80), ஊர் வார்கேர்(40), பாக்கி டெசிமல்(10,2));

‘பிரைமரி கீ’ என்றால் ஒருவருக்குரிய எண் மற்றொருவருக்கு வராது என்று பொருள். ஒரே பெயரில் கிள்ளானில் ஒருவரும் ஈப்போவில் ஒருவரும் இருக்கக்கூடும். பெயரை நம்பினால் ஒருவர் கடன் மற்றவர் தலையில் விழும். எண்ணை நம்பினால் விழாது. ‘வார்கேர்’ எழுத்துகளுக்கான இடம். தமிழில் ‘கி’ போன்ற உயிர்மெய் இரண்டு இடம் பிடிக்குமாதலால் தாராளமாக ஒதுக்குக. பணத்துக்கு ‘டெசிமல்’ வகையே தக்கது. ‘ஃபுளோட்’ என்ற வகையில் கூட்டக் கூட்டக் காசு பிசகும்.

‘பற்று’ அட்டவணையில் பில் எண், கணக்கு_எண், தேதி, தொகை ஆகியவை இருக்கும். அதன் கணக்கு_எண் ‘வாடிக்கை’யில் உள்ள எண்ணையே குறிக்கவேண்டும் என்று விதிக்கலாம். இது ‘ஃபாரின் கீ’. அப்படி விதித்தால், இல்லாத ஆளின் பெயரில் எவரும் பற்று எழுத முடியாது.

பதிதலும் பார்த்தலும்

புது வாடிக்கையாளரைச் சேர்க்க:

இன்சர்ட் இன்டு வாடிக்கை வேல்யூஸ் (12, 'மளிகைக் கடை', 'கிள்ளான்', 500.00);

கிள்ளானில் பாக்கி உள்ளவர்கள் யார், யார்?

செலக்ட் பெயர், பாக்கி ஃபிரம் வாடிக்கை வேர் ஊர் = 'கிள்ளான்' அண்ட் பாக்கி > 0;

‘செலக்ட்’ ஏட்டில் ஓர் எழுத்தையும் மாற்றாது. ஆகவே முதலாளி அஞ்சாமல் முதலில் பழகவேண்டியது இதுவே. இரு அட்டவணைகளையும் இணைத்துப் பார்க்க ‘ஜாயின்’ உதவும்:

செலக்ட் பெயர், தேதி, தொகை ஃபிரம் வாடிக்கை ஜாயின் பற்று ஆன் வாடிக்கை.எண் = பற்று.கணக்கு_எண்;

ஒவ்வொரு பில்லுக்கும் நேராக, வாங்கியவர் பெயர் வந்து நிற்கும்.

திருத்தலும் நீக்கலும்

12-ஆம் எண்காரர் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தார் எனில்:

அப்டேட் வாடிக்கை செட் ஊர் = 'ஈப்போ' வேர் எண் = 12;

இதில் ‘வேர்’ என்ற கடைசிப் பகுதியை மறந்தால் என்ன ஆகும்? எல்லா வாடிக்கையாளரும் ஒரே நொடியில் ஈப்போவாசிகள் ஆகிவிடுவர்! ‘டெலிட் ஃபிரம் பற்று;’ என்று மட்டும் தட்டினாலோ, ஊரெல்லாம் கொடுத்த கடனுக்கு ஒரு வரிச் சான்றும் மிஞ்சாது. கணினி ஏன் என்று கேளாது; சொன்னதைச் செய்யும். ஆதலால் திருத்துமுன், நீக்குமுன், அதே ‘வேர்’ பகுதியை ‘செலக்ட்’ உடன் சேர்த்து ஓட்டி, எத்தனை வரிகள் அகப்படுகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘டிராப் டேபிள்’ என்பது வரிகளை மட்டுமன்று, அட்டவணையையே அழித்துவிடும்.

பழைய கணக்குப்பிள்ளை தப்பான பதிவைச் சுரண்டி அழிக்கமாட்டார். எதிர்ப் பதிவு எழுதி நேர் செய்வார். கணினியிலும் அதுவே நல்வழி. பணம் சம்பந்தப்பட்ட வரியை நீக்காதீர், எதிர்வரி எழுதுங்கள்.

இரண்டும் நடக்கவேண்டும், அல்லது இரண்டும் நடக்கலாகாது

12-ஆம் எண்காரர் 200 வெள்ளி செலுத்துகிறார். ‘வரவு’ அட்டவணையில் ஒரு வரி சேரவேண்டும். அவர் பாக்கியில் 200 குறையவேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது முடியுமுன் மின்சாரம் போனால், பணம் கொடுத்தவர் இன்னும் கடன்காரராகவே தோன்றுவார். இதனால் கெடுவது கடையின் நாணயம். இதற்குத்தான் ‘பிகின்’ என்று தொடங்கி, இரு வேலைகளையும் சொல்லி, ‘கமிட்’ என்று முடிப்பது. இடையில் எது தடைப்பட்டாலும் இரண்டும் நடவாததற்குச் சமம். பிழை கண்டால் ‘ரோல்பேக்’ எனலாம். தொடங்கிய நிலைக்கே ஏடு திரும்பும். ‘கமிட்’ ஆனபின் ‘ரோல்பேக்’ பயன்படாது.

பெட்டிச் சாவி

கடைப் பையனிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்போமா? கணினி ஏட்டிலும் அப்படியே. பலர் கூடிப் பயன்படுத்தும் அமைப்புகளில் ‘கிராண்ட்’ என்ற கட்டளையால் ஒருவருக்குப் பார்க்கும் உரிமையை மட்டும், மற்றொருவருக்குப் பதியும் உரிமையை மட்டும் தரலாம். வேலையை விட்டுச் சென்றவரின் உரிமையை ‘ரிவோக்’ கொண்டு அன்றே திரும்பப் பெறவேண்டும். தலைமைச் சாவியான கடவுச்சொல் முதலாளியிடமும் இருக்கட்டும். மென்பொருள் அமைத்தவரிடம் மட்டும் அது இருக்குமானால், அவர் ஊர்விட்டுப் போகும் நாளில் நம் கணக்கும் கூடப் போகும்.

நாள்தோறும் ஏட்டுக்கு ஒரு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். அந்நகலை அவ்வப்போது திறந்தும் பார்க்கவேண்டும். திறந்து பாராத நகல் எண்ணிப் பாராத பணக்கட்டுக்கு ஒப்பாகும்.

பயிற்சி

1. ஈப்போவில் 1,000 வெள்ளிக்கு மேல் பாக்கி உள்ளவர்களைக் காட்டக் கட்டளை எழுதுக.
2. 12-ஆம் எண்காரரின் பற்று வரிகளை மட்டும் தேதியுடன் காட்டுக.
3. 350 வெள்ளி வரவு ஒன்றை ‘பிகின்’ முதல் ‘கமிட்’ வரை எழுதிக் காட்டுக.

இவற்றைக் கடையின் உண்மை ஏட்டில் வேண்டாம். நகல் ஏடு ஒன்றில் பழகுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்கள் விரல் வேகமும் உங்கள் வியாபார அனுபவமும் சேர்ந்தால், கணக்கு மீண்டும் முதலாளியின் கைக்கு வந்துவிடும்.